ஆழிக்குமரனும் என் பெரியய்யாவும்

(சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாலைப்பள்ளியின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. பேச்சின் நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

மாலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கும், ஆபீஸ் விட்டு வந்த கையோடு, முகத்தில் ஒட்டிய அலுமினியப் பவுடரைக்கூட சரியாகத் துடைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிற அம்மாமார்களுக்கும் வணக்கம். வெளியூர்த் தோழர்களுக்கு ஒரு விளக்கம். எங்க பக்கம் ஆபீஸ் என்றால் பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். நான் வேலை பார்க்கிற பேங்க்கை இங்கே யாரும் ஆபீஸ் என்று சொல்வதில்லை.

என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். இன்றைக்குக் கவிதை வேண்டாம் என்று நினைக்கிறேன். போன சித்திரையில், பரீட்சை லீவில், ஊருக்கு வடக்கே இருக்கிற கைவிட்ட கல்குவாரிக் கிடங்கில் இந்தப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன் முங்கிப் போனான். பேரைச் சொல்லமாட்டேன். அவனோட அம்மா முன்னாடிதான் உட்கார்ந்திருக்காங்க. பதினாறாம் நாள் காரியம் முடிந்து தெருவில் எல்லாரும் கூடி ஒரு முடிவெடுத்தோம். இனிமேல் நம்ம பிள்ளைக எதுவும் தண்ணிப் பக்கம் போகக்கூடாது. பிள்ளைகளை வரிசையா நிறுத்தி சத்தியம் வாங்கினோம். அந்தக் கூட்டத்தில் கையைத் தூக்கி ஆமோதித்தவர்களில் நானும் ஒருத்தன்.

அந்தக் கையை இன்றைக்கு நான் இறக்கிக்கொள்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் ஒரு நீச்சல்காரரைப் பற்றிப் பேசப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அவர் பேர் வி. எஸ். குமார் ஆனந்தன். ஈழத்துத் தமிழர், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் இருக்கிற வல்வெட்டித்துறைக்காரர். 1943-ல் பிறந்தவர். தொழில் வக்கீல். அந்த ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பட்டம் ஆழிக்குமரன். நமக்கும் அவர்களுக்கும் நடுவே கிடக்கிற பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவரும் அதே குடாநாட்டுக்காரர்தான். முருகுப்பிள்ளை நவரத்தினசாமி, 1954-ல். ஆனந்தன் என்ன செய்தார் என்றால், 1971-ல் அந்தக் கரையிலிருந்து கிளம்பி, இந்தியக் கரையைத் தொட்டு, தொட்ட வேகத்தில் திரும்பி, மறுபடியும் இலங்கைக்கே நீந்திப் போனார். 51 மணி நேரம். ரெண்டு பகல், ரெண்டு ராத்திரி, அதுக்கு மேலேயும் மூணு மணி நேரம்.

சும்மா ஒரு கணக்குப் பாருங்கள். நீங்கள் காலையில் எட்டு மணிக்கு ஆபீசுக்குள் நுழைந்து ஆறு மணிக்கு வெளியே வருகிறீர்கள். பத்து மணி நேரம். அதைப்போல அஞ்சு நாள் வேலையை ஒரே மூச்சில், உட்காராமல், தூங்காமல், உப்புத் தண்ணியில் செய்வது. உப்பில் நாக்கு தடித்துப் போகும். அக்குள் தோலும் தொடைத் தோலும் உரசி உரசிப் பிய்ந்துவிடும். சொறி மீன் உரசினால் உடம்பே எரியும். கூட ஒரு படகு வரும், ஆனால் அதைப் பிடிக்கக்கூடாது. பிடித்தால் ஆட்டம் முடிந்தது. சாப்பாட்டைக்கூட எட்ட நின்றுதான் கொடுப்பார்கள். இதை நான் முதலில் படித்தபோது எனக்கு வேறொரு படம் ஞாபகம் வந்தது. எட்ட நின்று, மேலே படாமல் ஊற்றுவது நமக்குத் தெரியாததா என்ன? ஆனால் அங்கே அது பந்தய விதி. நீந்துகிறவனுக்கு அதனால் கௌரவம் கூடுகிறது.

ஆனந்தன் நீச்சலோடு நிற்கவில்லை. ஒத்தைக் காலில் 33 மணி நேரம் நின்றார். ட்விஸ்ட் என்ற டான்சை 128 மணி நேரம் ஆடினார். குத்துச்சண்டைக்காரர்கள் பழகுகிற பந்தை 136 மணி நேரம் விடாமல் குத்தினார். எல்லாம் கின்னஸ் புத்தகத்துக்கு. 1981-ல் நம்ம சென்னைக்கே வந்து, மெரினாவில் இருக்கிற அண்ணா நீச்சல் குளத்தில், கால் தரையில் படாமல், நிமிர்ந்த வாக்கில் 80 மணி நேரம் மிதந்தார். எனக்கு இந்த ஒத்தைக்கால் சமாச்சாரமெல்லாம் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. படித்த வக்கீலுக்கு இது என்ன வேலை என்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த மனுசன் தன் உடம்பிடம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்: இன்னும் எவ்வளவு தாங்குவே? நம்ம உடம்பிடமும் அதைத்தான் கேட்கிறார்கள். கேட்கிறது நாம இல்லை, முதலாளி. தாங்கினதை எழுதி வைக்கத்தான் புத்தகம் கிடையாது.

அவருடைய கடைசி நீச்சல் இங்கிலீஷ் கால்வாய். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில், குறுகலான இடத்தில் 33, 34 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்தால் பாக்கு நீரிணை நீந்தினவருக்கு அது பெரிசு இல்லை. குளிர்தான் எமன். நம்ம பக்கத்துக் கடல் வெதுவெதுப்பானது. அங்கே நடுக்கோடையிலும் 15-லிருந்து 18 டிகிரி. அந்தத் தண்ணியில் மணிக்கணக்கில் கிடந்தால் உடம்பு உள்ளுக்குள்ளேயே அணைந்துகொண்டு வரும், நீந்துகிறவனுக்கே தெரியாது. 1984 ஆகஸ்ட் 6-ம் தேதி, அந்தக் கால்வாயை நீந்தும் முயற்சியில் ஆனந்தன் இறந்துபோனார். வயசு 41. அங்கே இலங்கையில் 1983 ஜூலைப் படுகொலை நடந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. அந்தக் கால்வாயை 1875-ல் முதலில் கடந்த மாத்யூ வெப் என்கிற வெள்ளைக்காரரும் எட்டு வருசம் கழித்து நயாகரா அருவிக்குக் கீழே நீந்தப்போய்த்தான் செத்தார். தண்ணியை ஜெயித்தவர்களைத் தண்ணி மறப்பதில்லை போலிருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன்? ஆனந்தன் என்ன சாதி என்று நான் இங்கே ஆராயப் போவதில்லை. அவர் கடற்கரையில் பிறந்தார், கடல் அவருக்குத் தடுக்கப்படவில்லை, இறங்கினார். என் அக்கறை அந்த ஒரு விஷயத்தில்தான். ஏனென்றால் அதே குடாநாட்டில், கடலுக்குச் சில மைல் உள்ளே, கிணற்றில் வாளி போடுவதற்கு நம்ம சனம் அடி வாங்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் பஞ்சமர் என்று ஒதுக்கினவர்களுக்குக் கோயில் இல்லை, தேநீர்க்கடை இல்லை, நல்ல தண்ணிக் கிணறு இல்லை. 1967-ல் அங்கே தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவானது. 1968-ல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் போராட்டம் நடந்தது. அந்தப் போராட்டங்களுக்குள்ளிருந்து வந்த கே. டானியலைத் தோழர்கள் எல்லாரும் படித்திருப்பீர்கள். அவர் ஒரு நாவலுக்கு 'தண்ணீர்' என்றே பேர் வைத்தார். அவரை நம்ம தஞ்சாவூர் மண்ணில்தான் 1986-ல் புதைத்தோம். மாவிட்டபுரத்துக்கு மூணு வருசம் கழித்து ஆழிக்குமரன் நீரிணையை ரெண்டு தடவை அளக்கிறார். ஒரே மண், ஒரே தலைமுறை. ஒருத்தருக்கு ரெண்டு தேசத்துக்கு நடுவில் இருக்கிற கடல். இன்னொருத்தருக்கு நாலடி உயரத்துக் கிணற்றுச் சுவர். எது அகலம் என்று யாராவது அளந்து சொல்லுங்கள்.

ஆனந்தனைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தனியாகக் கடலில் கிடந்த அந்த 51 மணி நேரத்துக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். ஒரு நீச்சல்காரனின் வாழ்க்கை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கு. தோளிலும் மூச்சிலும் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அது கரையிலேயே ஆரம்பித்துவிடுகிறது என்று தோன்றுகிறது. இறங்கலாமா கூடாதா என்கிற இடத்தில்.

இப்போது என் பெரியய்யாவுக்கு வருகிறேன். எங்கய்யாவுக்கு மூத்தவர். உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும், இங்கே வந்திருக்கிறார், பின்னாடி தூணோரம் உட்கார்ந்திருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டது. கிணறு வெட்டுகிறவர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் தோட்டந்தோட்டமா இருக்கிற கிணறுகளில் எத்தனையோ அவரும் அவர் செட்டும் வெட்டினது. பாறைக்கு வெடி வைத்து, கல்லைக் கூடையில் ஏற்றி, ஊற்றுக்கண் திறக்கிற வரைக்கும் உள்ளே இருக்கிறது நம்ம ஆள். தண்ணி வந்த அன்றைக்குத் தோட்டக்காரர் பூசை போட்டுத் தேங்காய் உடைப்பார். அதோடு சரி. மறுநாளிலிருந்து அந்தக் கிணற்றில் நம்ம நிழல் விழக்கூடாது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. யாராவது அந்தக் கிணற்றில் விழுந்து செத்துப் போனால் பெரியய்யாவுக்கு ஆள் வரும். மாமியார் சண்டையில் விழுந்த பொம்பளை, பரீட்சையில் பெயிலான பையன், குடித்துவிட்டுத் தடுமாறினவன். எல்லாரையும் இவர்தான் முங்கி எடுப்பார். ராத்திரி ரெண்டு மணிக்கு அரிக்கேன் லைட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அப்போது மட்டும் கூப்பிடுகிற விதம் மாறும். இவர் ஒரு மடக்கு சாராயத்தைக் குடித்துவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போவார். அடிச்சேற்றில் கையால் தடவித் தடவி, முடி கையில் சிக்குகிறதா, துணி சிக்குகிறதா என்று பார்த்து, மேலே கொண்டுவருவார். கூலி ஒரு வேட்டி, கொஞ்சம் ரூபாய், மிச்சச் சாராயம். எடுத்துப் போட்டதும், "போயிரு, அந்தப் பக்கமா போ" என்பார்களாம். இதை அவர் கோபமில்லாமல்தான் சொல்வார். எனக்குத்தான் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும். செத்த பொணத்துக்கு இல்லாத தீட்டு, எடுத்த கைக்கு உண்டு.

அவரை யாரும் நீச்சல்காரர் என்று சொன்னதில்லை. அவர் எத்தனை நிமிசம் மூச்சைப் பிடிப்பார் என்று யாரும் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை. அவருக்குப் பிள்ளைகள் நாலு. ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குப் பதினோரு வயசிருக்கும். வெயில் காலம். நானும் சேக்காளிகள் மூணு பேரும் பெரியய்யா வெட்டின ஒரு கிணற்றில் போய்க் குதித்தோம். உள்ளே படி இருந்தது, படியோரமாகத்தான் கிடந்தோம். அஞ்சு நிமிசம்கூட இருக்காது. மேலே ஆள் வந்துவிட்டது. எங்கள் டவுசர் சட்டையை எடுத்துத் தோட்டத்து வேலிமுள்ளில் எறிந்தார்கள். அம்மணமாக ஊர் வழியாகவே நடக்கவிட்டார்கள். அன்று சாயங்காலம் மோட்டாரைப் போட்டு, ரெண்டு நாள் ராப்பகலாக அந்தத் தண்ணியை இறைத்து வெளியே விட்டார்கள். பயிருக்குக்கூடப் பாய்ச்சவில்லை, ஓடையில் விட்டார்கள். குடிக்கத் தண்ணியில்லாத ஊரில், தோழர்களே. எங்கய்யா போய்க் காலில் விழுந்தார். வீட்டுக்கு வந்து என்னை அடித்தது அவர் இல்லை, பெரியய்யா. கிணற்றுக் கயிற்றாலேயே அடித்தார். அடித்துவிட்டு அவரும் அழுதார். "இனிமே தண்ணிப் பக்கம் போவியாடா, போவியாடா?" போகமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன்.

போன சித்திரையில் நாம் பிள்ளைகளிடம் வாங்கின சத்தியம் இருக்கிறதே, அது புதுசு இல்லை. இருபது இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னால் என்னிடம் வாங்கினது. அதுக்கு முந்தி ஊர்க்காரன் நம்ம பாட்டன்களிடம் வாங்கினது. அவன் போட்ட சட்டத்தை நாம பாசத்தோடு நம்ம பிள்ளை மேலே போடுகிறோம். அன்றைக்குக் கையைத் தூக்கிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன், தூக்கம் வரவில்லை. அந்தப் பையன் ஏன் கிடங்குக்குப் போனான்? கண்மாயில் படித்துறைப் பக்கம் போனால் விரட்டுவார்கள். கிணறு கிடையாது. யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் விரட்டாத தண்ணி இந்த ஊரில் அந்தக் கிடங்கு மட்டும்தான். அதுக்குப் படி கிடையாது, கரை கிடையாது, செங்குத்தாக அறுத்த கல். ஆழம் யாருக்கும் தெரியாது. நீச்சல் தெரியாத பையன் சத்தியத்தை மீறினதால் சாகவில்லை. நீச்சல் சொல்லிக்கொடுக்க ஆளிருந்தும் சொல்லிக்கொடுக்காததால் செத்தான். அந்த அம்மாவிடம் இதை நேரே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் அனுமதித்த பிறகுதான் இந்த மேடையில் சொல்கிறேன்.

"நம்ம ஊர்ல தண்ணியே இல்ல, நீச்சலுக்கு என்ன அவசரம்?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. விருதுநகர், சாத்தூர், சிவகாசி என்று இந்தப் பக்கமே வானம் பார்த்த கரிசல். இங்கே வெயிலும் வறட்சியும்தான் முதலாளிக்கு முதல் முதலீடு. குச்சி காயணும், அட்டை காயணும், மருந்து காயணும். 1923-ல் சிவகாசியிலிருந்து ரெண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தத் தொழில் இங்கே வேர் பிடித்ததற்கு மழை பெய்யாத வானமும், விளையாத நிலமும், அதனால் மலிவாகக் கிடைத்த நம்ம கையும் காரணம் என்பதை யாரும் சொல்வதில்லை. மழை பெய்தால் ஆபீஸ் லீவு, கூலி இல்லை. ஈரம் பட்டால் அலுமினிய மருந்து சூடேறும், வெடிக்கும். ஆக நமக்குத் தண்ணி என்றாலே ஒன்று பட்டினி, இல்லாவிட்டால் பயம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. அந்த விபத்தைப் பற்றி இந்தக் கூட்டத்துக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் இழப்பீட்டுச் செக்கைக் கொண்டுவந்து என் கவுண்டரில் நீட்டுகிற கைகளை நான் பார்க்கிறேன். வைப்புத்தொகைப் படிவத்தில் வாரிசு பேர் எழுதச் சொல்லும்போது எனக்குப் பேனா ஓடுவதில்லை.

இப்படி ஒரு ஊரிலிருந்து நீச்சல்காரன் வருவானா? தண்ணி மட்டும் போதாது, காசும் வேண்டும். நம்ம தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். குற்றாலீசுவரன். 1981-ல் பிறந்தவர். 1994-ல், மீசை முளைக்காத வயசில், பாக்கு நீரிணை, இங்கிலீஷ் கால்வாய் என்று ஒரே வருசத்தில் ஆறு நீரிணைகளை நீந்தினார். அதுக்கு முன்னால் அந்தச் சாதனை கல்கத்தாக்காரர் மிகிர் சென்னிடம் இருந்தது. மிகிர் சென் 1966-ல் பாக்கு நீரிணையில் ஆரம்பித்து, ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா என்று அஞ்சு இடத்தில் நீந்தினவர். தலைமன்னாரில் இறங்கி நம்ம தனுஷ்கோடியில்தான் ஏறினார். அன்றைக்கு சிவகாசியும் தனுஷ்கோடியும் ஒரே ராமநாதபுரம் ஜில்லா. அவர் கூடக் கடற்படைக் கப்பல்கள் வந்தன. அப்பேர்ப்பட்டவரும் கடைசிக் காலத்தில் நோயிலும் கஷ்டத்திலும் கிடந்து 1997-ல் செத்துப்போனார். குற்றாலீசுவரனுக்கு 1996-ல் அர்ச்சுனா விருது கிடைத்தது. விருது கிடைத்தும் தொண்ணூறுகளின் கடைசியில் நீச்சலை விட்டுவிட்டுப் படிக்கப் போனார். வெளிநாட்டுப் பயணத்துக்கும் பயிற்சிக்கும் ஆதரவு கிடைக்காமல் நிறுத்தியதைப் பற்றி அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விருது வாங்கின பையனுக்கே இதுதான் கதி. எங்க பேங்கில் நகைக்கடன் இருக்கிறது, மாட்டுக்கடன் இருக்கிறது, கல்விக்கடன் இருக்கிறது. நீச்சலுக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது. நான் தேடிப் பார்த்தேன்.

அதே 1996-ல், டிசம்பர் 10-ம் தேதி, நம்ம சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று. அர்ச்சுனா விருது வாங்கின பையனின் வயசுதான், கட்டை அடுக்கிக்கொண்டிருந்த நம்ம பிள்ளைகளுக்கும். சொல்ல மறந்தேன். இந்த தேசத்தில் விளையாடுகிறவனுக்கு அர்ச்சுனன் பேரில் விருது. பயிற்சி கொடுக்கிறவனுக்குத் துரோணாச்சாரியார் பேரில் விருது. கட்டை விரலைக் கொடுத்தவன் பேர் அந்தப் பட்டியலில் இல்லை. நம்ம சிவகாசிப் பக்கத்து ஆற்றுக்கும் அர்ச்சுனா என்றுதான் பேர். அதில் தண்ணி ஓடுகிற நாளை எண்ணிவிடலாம்.

(இந்த இடத்தில் ஒரு அம்மா எழுந்து, "கறுப்பா இருக்கவுக ஒடம்பு தண்ணியில மெதக்காதுன்னு சொல்றாகளே, நெசமா?" என்று கேட்டார்.)

நல்ல கேள்வி கேட்டீங்க மதினி. அமெரிக்காவில் வெள்ளைக்காரன் இதைத்தான் ரொம்பக் காலம் சொல்லிக்கொண்டிருந்தான். கறுப்பர் எலும்பு கனம், மிதக்காது என்று. ஆனால் குளத்தில் இறங்கவிடாமல் தடுத்தது எலும்பு இல்லை, அவன்தான். 1964 ஜூன் 18-ம் தேதி, புளோரிடா மாநிலத்தில் செயின்ட் அகஸ்டின் என்கிற ஊரில், ஒரு ஓட்டலின் நீச்சல் குளத்தில் கறுப்பின இளைஞர்களும் வெள்ளைத் தோழர்களும் சேர்ந்து குதித்தார்கள். ஓட்டல் மேனேஜர் ஆசிட் டப்பாவை எடுத்துவந்து தண்ணிக்குள் ஊற்றினான். போட்டோ இருக்கிறது, உலகமே பார்த்தது. 1927 மார்ச்சில் அம்பேத்கர் மகாடில் பொதுக்குளத்துத் தண்ணியை அள்ளிக் குடித்த பிறகு, 108 குடத்தில் சாணியும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' பண்ணினார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம்ம குடிதண்ணித் தொட்டிக்குள் எதைக் கலந்தார்கள் என்று இந்தப் பிள்ளைகள் முன்னால் நான் சொல்ல வேண்டியதில்லை. என் கிணற்றை மோட்டார் வைத்து இறைத்தது இந்த வரிசையில் ரொம்பச் சின்ன விஷயம்.

எலும்புக் கதைக்குப் பதில் 1988-ல் சியோல் ஒலிம்பிக்கில் வந்தது. சூரினாம் என்று தென் அமெரிக்காவில் சின்ன நாடு. அந்த நாடு முழுக்க 50 மீட்டர் நீளத்தில் ஒரே ஒரு குளம்தான் இருந்தது. அங்கிருந்து வந்த அந்தோணி நெஸ்டி என்கிற இருபது வயசுக் கறுப்பின இளைஞன், 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் அமெரிக்காவின் மாட் பியாண்டியை ஜெயித்தான். இவனுக்கு 53.00 விநாடி, அவனுக்கு 53.01. ஒரு விநாடியை நூறாக்கினால் அதில் ஒரு பங்கு. பிறகு 2016 ரியோவில் சிமோன் மேனுவல் என்கிற கறுப்பினப் பெண் 100 மீட்டரில் தங்கம் வாங்கினாள். எனக்கு நெஸ்டியின் தங்கத்தைவிட அந்த ஒரே ஒரு குளம்தான் மனசில் நிற்கிறது. ஒரு குளம் இருந்தால் போதும் போலிருக்கிறது, எல்லாரையும் இறங்கவிட்டால்.

சிமோன் பேரைச் சொன்னதும் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு ஒன்பது வயசு. அவளையும் சேர்த்துத்தான் இறக்குவேன் என்றதும் எங்கம்மா, "பொட்டப் பிள்ளைய ஈரத்துணியோட ஊர் பாக்க நிறுத்துவியா?" என்றார். 1959-லேயே ஆரதி சாகா என்கிற வங்காளத்துப் பெண் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்திருக்கிறாள், ஆசியப் பெண்களில் முதல் ஆள் என்று சொன்னேன். அம்மா அசையவில்லை. "அவ கடல்ல போனா, நீ கண்மாய்க்கில்ல கூட்டிட்டுப் போற" என்றார். இதுக்கு என்னிடம் பதில் இல்லை. கடலைவிடக் கண்மாய்க்கரையில் கண்கள் அதிகம்தான். பெண் தோழர்களிடம் பேசியதில், பிள்ளைகள் சுடிதாரோடே இறங்கட்டும், கரையில் நாலு பெண்கள் நிற்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது. ஈரச் சுடிதார் காலைப் பின்னும் என்று பெரியய்யா சொல்கிறார். ஆக அது இன்னும் தீராத விவகாரம்.

விஷயத்துக்கு வருகிறேன். மழை இந்த வருசம் பரவாயில்லை. கண்மாயில் மேல்கரைப் பக்கம் இடுப்பளவு தண்ணி கிடக்கிறது. அது பஞ்சாயத்துப் பொதுக் கண்மாய், தனியார் சொத்து இல்லை. மீன்பாசி குத்தகை எடுத்தவர் ஆட்சேபிக்கலாம். அவர் ஏலம் எடுத்தது மீனை, தண்ணியை இல்லை. ஏல நிபந்தனையை வாங்கிப் படித்துவிட்டேன், குமாஸ்தா வேலை இதுக்காவது உதவட்டும். நாம் யாரிடமும் அனுமதி கேட்டு மனுக் கொடுக்கப் போவதில்லை. இந்தத் தேதியில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கப் போகிறோம் என்று தாசில்தாருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் தகவல் கடிதம் மட்டும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். படித்துறை வழியாகத்தான் இறங்குவோம். சகதிப் பக்கமாகச் சுற்றிப் போய் இறங்குவதாக இருந்தால் இந்தக் கூட்டமே தேவையில்லை. பிரச்சினை வரும். வராது என்று நான் பொய் சொல்லமாட்டேன். பயப்படுகிறவர்கள் பிள்ளைகளை முதல் வாரம் அனுப்ப வேண்டாம், நீங்கள் மட்டும் கரைக்கு வந்து நில்லுங்கள்.

லாரி டியூப் நாலு கிடைத்திருக்கிறது. சுரைக்குடுக்கை கொண்டுவருகிறேன் என்று ரெண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். நீளக் கயிறு வேண்டும். முதல் மாசம் இடுப்பளவுக்கு மேலே யாரும் போகக்கூடாது. கிடங்குப் பக்கம் எப்போதும் கூடாது, அந்தச் சத்தியம் அப்படியே இருக்கட்டும். சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து மாஸ்டர் யாரும் வரவில்லை. போன வாரம் பெரியய்யாவிடம் போய்க் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் இதுவரைக்கும் உசுரோட யாரையும் தண்ணியில தொட்டதில்லடா" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். "சரி, நான் படியில உக்காந்து சொல்றேன். மொதல்ல நீ எறங்கு. ஒன்னப் பாத்துப் பிள்ளைக எறங்கட்டும்" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. மாற்றுத்துணி கொண்டு வாருங்கள்.